நாய்க்கு முடி வெட்டும் மெஷின்: முதலில் பிளேடு, அப்புறம்தான் மோட்டார்

லட்டுவுக்கு அப்போது மூன்று வயது. ஷீ ட்ஸூ இனம். வெட்டாமல் விட்டால் முடி தரையைக் கூட்டிக்கொண்டு போகும். ஒரு சித்திரை மாதம், வெயிலுக்கு முன்னால் நானே வெட்டிவிடலாம் என்று மெஷின் வாங்கப் போனேன். மெஷினோடு பிளேடையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள். மேசையில் 7, 10, 40 என்று மூன்று நம்பர்களை எடுத்து வைத்தார்கள். எனக்குத் தெரிந்தது சலூன் கணக்கு. அங்கே 1 போட்டால் ஒட்ட வெட்டும், 4 போட்டால் கொஞ்சம் முடி நிற்கும். அப்படியானால் 40 போட்டால் நிறையவே நிற்கும், பயமில்லாமல் வெட்டலாம் என்று நினைத்து 40-ஐ எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து முதுகில் ஒரே ஒரு கோடு ஓட்டினேன். அந்தக் கோட்டில் முடியே இல்லை. ரோஜா நிறத்தில் தோல்தான் தெரிந்தது. இரண்டு நாள் லட்டு சோபாவின் ஓரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனபோது அவர் பிளேடின் நம்பரைக் கேட்டார். சொன்னேன். “இது ஆபரேஷனுக்கு முன்னாடி நாங்க போடுற பிளேடுங்க” என்றார்.

அதற்கப்புறம்தான் இந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். நாய் வளர்ப்பவர்கள் கூடும் இடத்தில் எல்லாம் “எந்த மெஷின் நல்லது, எத்தனை வாட், எத்தனை மணி நேரம் சார்ஜ் நிற்கும்” என்று கேட்கிறார்களே தவிர, “எந்த பிளேடு” என்று கேட்பவர் அரிது. நாயின் தோலில் படுவது பிளேடு மட்டும்தான். முடி எவ்வளவு மிஞ்சும், தோல் கிழியுமா, சூடு படுமா என்பதெல்லாம் பெரும்பாலும் அதில்தான் முடிவாகிறது. அதனால் இந்தக் கட்டுரையும் பிளேடில் தொடங்கி மோட்டாருக்குப் போகிறது.

இரண்டு சீப்பு, ஒரு ஆட்டம்

வீட்டில் இரண்டு சீப்பு இருந்தால் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றை வையுங்கள். கீழ்ச் சீப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு மேல் சீப்பை இடமும் வலமும் நகர்த்திப் பாருங்கள். கீழ்ச் சீப்பின் பல்லிடுக்கில் ஒரு நூல் நுழைந்திருந்தால், மேல் சீப்பின் பல் வந்து அதை இடுக்கின் ஓரத்தோடு சேர்த்து நசுக்கும். சீப்புக்குப் பதில் கூரான எஃகு இருந்தால் நூல் அறுந்துவிடும். கிளிப்பர் என்கிற முடிவெட்டும் மெஷின் முழுவதும் இவ்வளவுதான். கத்திரிக்கோலுக்கு இரண்டு அலகு. இங்கே வரிசையாகப் பல குட்டிக் கத்திரிகள் ஒரே நேரத்தில் திறந்து மூடுகின்றன. சவரக் கத்தியைப் போல ஒரு முனை தோலைச் சுரண்டிக்கொண்டு போவதில்லை.

கடையில் ‘ஒரு பிளேடு’ என்று விற்பது உண்மையில் இந்த ஜோடியைத்தான். கீழே அசையாமல் தோலின் மேல் படுத்திருப்பதைச் சீப்புப் பல் என்றும், மேலே ஆடுவதை வெட்டுப் பல் என்றும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். இரண்டையும் ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கிறது. மெஷினில் இருக்கும் மோட்டார் வெட்டுப் பல்லை மட்டும் ஆட்டுகிறது.

இனி சலூனை நினைத்துக்கொள்ளுங்கள். முடிவெட்டுபவர் சீப்பைத் தலையில் படுக்க வைத்து, அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முடியைக் கத்திரியால் வெட்டுவார் அல்லவா? சீப்பு தடிமனாக இருந்தால் முடி அதிகம் மிஞ்சும். மெல்லியதாக இருந்தால் ஒட்ட வெட்டும். கிளிப்பரில் அந்தச் சீப்பின் வேலையைச் சீப்புப் பல் செய்கிறது. அதன் தடிமன்தான் மிஞ்சும் முடியின் நீளம்.

இன்னொன்றையும் இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பல்லிடுக்கில் நுழைவது முடியா தோலா என்று வெட்டுப் பல்லுக்குத் தெரியாது. தோல் மடிப்பு உள்ளே போனால் அதையும் வெட்டும். நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது, தளர்வானது. அக்குள், பின்தொடையும் வயிறும் சேரும் இடத்தில் தொங்கும் மடிப்பு, காது மடலின் ஓரம் ஆகிய இடங்களில்தான் பெரும்பாலான காயங்கள் வருகின்றன.

ஆக, சீப்புப் பல்லின் தடிமன் நீளத்தை முடிவு செய்கிறது; பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி ஆபத்தை முடிவு செய்கிறது. இனி வருவதெல்லாம் இந்த இரண்டிலிருந்து கிளைப்பவைதான்.

நம்பர் ஏறினால் முடி குறையும்

எங்கள் பக்கம் தறி வைத்திருப்பவர்களிடம் இந்த நம்பரை விளக்க ஒரு நிமிடம் போதும். நூலுக்கும் நம்பர் உண்டு. தடித்த போர்வைக்கு 20-ஆம் நம்பர் நூல், நயமான வேட்டிக்கு 80, 100. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டம் எத்தனை தேறும் என்பதே அந்த எண். மெல்லிய நூல் என்றால் அதிக சிட்டம், அதனால் பெரிய எண். மரத்தில் தேய்க்கும் உப்புத்தாளும் இப்படித்தான். எண் பெரிதானால் தாள் நைசாகும்.

நாய் பிளேடும் அதே வழி. 10-ஆம் நம்பர் சுமார் 1.5 மி.மீ. முடியை விடும். 7 என்றால் 3.2, 5 என்றால் 6.3, 4 என்றால் 9.5, 3 என்றால் 13 மி.மீ. எதிர்ப்பக்கம் போனால் 15 என்பது 1.2, 30 என்பது 0.5. நான் வாங்கிய 40 விடுவது வெறும் 0.25 மி.மீ. இவை அங்குலப் பின்னங்களில் பிறந்த அளவுகள் (10-க்கு பதினாறில் ஒரு அங்குலம், 3-க்கு அரை அங்குலம்). நிறுவனத்துக்கு நிறுவனம் சிறு வேறுபாடு இருக்கலாம். பிளேடின் அட்டையில் மி.மீ. போட்டிருக்கும், அதைப் பாருங்கள்.

நூல் நம்பருக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பிளேடு நம்பருக்கு அப்படி நேர்க்கணக்கு ஏதும் இல்லை. 10-இலிருந்து 15-க்கு ஐந்து படி ஏறினாலும் குறைவது 0.3 மி.மீ. மட்டுமே. 7-இலிருந்து 5-க்கு இரண்டு படி இறங்கினால் முடி இரு மடங்கு நீளமாகிவிடும். நம்பரை ஒரு பெயராக வைத்துக்கொண்டு, மி.மீ.யைப் பார்த்து முடிவு செய்வதே நல்லது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், மனிதர்களுக்கான மெஷினில் நாம் சொல்லும் 1, 2, 3, 4 பிளேடின் நம்பர்கள் அல்ல. பிளேடின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் சீப்பின் நம்பர்கள். அங்கே 1 என்றால் சுமார் 3 மி.மீ., 4 என்றால் சுமார் 13 மி.மீ.; நம்பர் ஏற ஏற முடி நீளும். ஒரே மேசையில் இரண்டு விதமான நம்பர்களும் கிடந்தால் யாருக்கும் தடுமாற்றம் வரும். நாய்க்கு வாங்கும்போது “இது பிளேடு நம்பரா, சீப்பு நம்பரா” என்று கேட்டுவிடுங்கள்.

வெட்டும் திசையும் கணக்கில் சேரும். முடி படிந்திருக்கும் திசையில், அதாவது கழுத்திலிருந்து வாலை நோக்கி ஓட்டினால்தான் சொன்ன நீளம் கிட்டத்தட்ட வரும். எதிர்த்து ஓட்டினால் முடி எழுந்து நின்று அடியோடு அறுபடும். அதே பிளேடு அதைவிடக் குட்டையாக வெட்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் படிந்த திசையிலேயே ஓட்டுவது நல்லது. எதிர்த்திசையில் போன ஒரு கோடு பல வாரங்களுக்குத் தெரியும்.

நீளமாக விடும் பிளேடு பாதுகாப்பானதா?

இல்லை. அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

நீளமாக முடியை விட வேண்டும் என்றால் சீப்புப் பல் தடிமனாக இருக்க வேண்டும். தடித்த பற்களுக்கு இடையே அடர்ந்த முடி நுழைய வேண்டும் என்றால் இடைவெளியும் அகலமாக இருக்க வேண்டும். அகலமான இடைவெளியில் தோல் மடிப்பும் எளிதாக நுழையும். அதனால் 3, 4, 5 போன்ற பிளேடுகள் முடியை நிறைய விட்டாலும், அக்குளிலும் காது ஓரத்திலும் தோலைப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து அவற்றுக்கே அதிகம். 10-ஆம் நம்பரோ ஒட்ட வெட்டினாலும் அதன் பற்கள் நெருக்கமானவை. தோல் உள்ளே போவது கடினம். வயிறு, ஆசனவாய்ப் பகுதி, பாதத்தின் மேல்பக்கம் போன்ற மென்மையான இடங்களுக்கெல்லாம் பழகியவர்கள் 10-ஐ எடுப்பது இதனால்தான்.

அப்படியானால் 30, 40 இன்னும் பாதுகாப்பா என்று கேட்கலாம். அவற்றின் பற்கள் இன்னும் நெருக்கம், உண்மைதான். ஆனால் சீப்புப் பல் மிகவும் மெலிந்துவிட்டதால் வெட்டுப் பல்லுக்கும் தோலுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. கொஞ்சம் அழுத்தினாலும் உராய்ந்து சிவந்துவிடும், லட்டுவுக்கு ஆனது போல. 40 கால்நடை மருத்துவரின் கையில் இருக்க வேண்டியது. வீட்டுக்கு 10-ஐ எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4, 5, 7 போன்ற நம்பர்களில் ஒரே நம்பர் இரண்டு வடிவங்களில் வரும். நம்பருக்குப் பின்னால் எஃப் அல்லது எஃப்சி என்ற எழுத்து இருந்தால், பற்கள் எல்லாம் ஒரே உயரத்தில் நெருக்கமாக இருக்கும். வெட்டிய பரப்பு வழவழப்பாக வரும். எழுத்து இல்லாமல் வெறும் 7 என்றோ 5 என்றோ இருந்தால், ஒரு பல் நெட்டை, ஒரு பல் குட்டை என்று மாறி மாறி வரும். இதை இடைவிட்ட பல் என்று சொல்லலாம். அகன்ற வாய் போல அடர்ந்த முடியை அள்ளிக்கொண்டு போகும், தோலையும் அள்ளும். தெரிந்தவர் வீட்டு காக்கர் ஸ்பானியலுக்குக் காது மடலில் இரண்டு தையல் விழுந்தது வெறும் 7-ஆல். அவர் 7எஃப் வாங்குவதாக நினைத்துத்தான் வாங்கியிருந்தார். ஒரே ஒரு எழுத்து வித்தியாசம்.

வீட்டில் வெட்டுபவர்கள் இந்த நம்பர்களில் எஃப் எழுத்து உள்ளதையே வாங்குங்கள். அதற்கு ஒரு விலை உண்டு: முடி சுத்தமாக, காய்ந்து, சிக்கில்லாமல் இருந்தால்தான் நெருக்கமான பற்களுக்குள் நுழையும். அந்த வேலையைச் செய்துவிட்டுத்தான் மெஷினைத் தொட வேண்டும்.

சிக்கு விழுந்த முடி

இரும்புச் சீப்பைத் தோலில் தொட்டு நுனி வரை இழுத்துப் பாருங்கள். எங்கும் தட்டாமல் வந்தால் சிக்கு இல்லை. மேலாகத் தடவி “பட்டு மாதிரி இருக்கு” என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். சிக்கு அடியில்தான் விழும், காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப் பட்டையின் கீழே.

அதைப் பிரிக்காமல் குளிப்பாட்டினால் நனைந்து காய்ந்து இன்னும் இறுகும். பிரிக்கவே முடியாத சிக்கைக் கத்திரிக்கோலால் வெட்டப் போகாதீர்கள். சிக்கைப் பிடித்துத் தூக்கும்போது தோலும் கூடாரம் போல அதனோடு எழுந்து வரும். எது தோல், எது முடி என்று கண்ணுக்குத் தெரியாது. அப்படிக் கிழிந்த தோலோடு வரும் நாய்கள் எத்தனை என்று எந்தக் கால்நடை மருத்துவரிடமும் கேட்டுப் பாருங்கள். சிக்குக்கும் தோலுக்கும் இடையில் 10-ஆம் நம்பரைத் தட்டையாக நுழைத்து, மெதுவாக வழித்து எடுப்பதுதான் வழி. முடி குட்டையாகிவிடும், பார்க்க நன்றாக இருக்காது. அது வளர்ந்துவிடும்.

மேலே மாட்டும் காப்புச் சீப்பு

ஷீ ட்ஸூ, லாசா போன்றவற்றுக்கு ஒன்று, ஒன்றரை அங்குல நீளத்தில் குட்டி நாய் மாதிரி வைத்துக்கொள்ளத்தான் பலருக்கும் ஆசை. அந்த நீளத்தை பிளேடின் தடிமனால் மட்டும் கொண்டுவர முடியாது. அதற்குத்தான் பிளேடின் மேல் பொருத்தும் காப்புச் சீப்பு. சலூனில் போடுவதும் இதே பொருள்தான். அடியில் இருக்க வேண்டிய பிளேடு பெரும்பாலும் 30, சிலவற்றுக்கு 10. சீப்பின் அட்டையில் எழுதியிருக்கும்.

வீட்டுக்கு, 10-ஓடு பொருந்தும் சீப்பையே தேடி வாங்கச் சொல்வேன். நாய் திடீரென்று திரும்பும்போது சீப்பு கழன்று விழுவது நடக்கும். அடியில் 30 இருந்தால் அந்த ஒரு நொடியில் வழுக்கைக் கோடு விழுந்துவிடும். 10 இருந்தால் குட்டையாகும், தோல் தப்பும். சிக்குள்ள முடியில் காப்புச் சீப்பு ஓடவே ஓடாது, இழுத்து வலிக்கும்.

இதுவரை பார்த்ததில் கையோடு வைத்துக்கொள்ள வேண்டியது: நம்பர் ஏறினால் முடி குறையும், எஃப் எழுத்து இருந்தால் தோலுக்கு நல்லது, 10 எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும்.

மிக்ஸியும் கிரைண்டரும்

இப்போது மோட்டாருக்கு வரலாம். விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது வேகம். நிமிடத்துக்கு எத்தனை முறை வெட்டுப் பல் ஆடுகிறது என்ற எண். நாய் கிளிப்பர்களில் இது பொதுவாக 2500-இலிருந்து 4500 வரை இருக்கும். வேகம் அதிகம் என்றால் வலிமை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

சமையலறையில் இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. மிக்ஸி பல்லாயிரம் சுற்று சுற்றும். கெட்டியாக உளுந்தைப் போட்டால் திணறி நின்றுவிடும், சூடாகும். கிரைண்டர் நிதானமாகச் சுற்றும்; இரண்டு படி உளுந்தைப் போட்டாலும் அதே நிதானத்தில் அரைக்கும். தடை வந்தாலும் வேகம் குறையாமல் தள்ளும் இந்தத் திறனுக்கு முறுக்குவிசை என்று பெயர். அடர்ந்த முடிக்குள் போகும்போது கிளிப்பருக்கு வேண்டியது இதுதான். வேகம் வெட்டின் வழவழப்பைக் கூட்டும். முறுக்குவிசை இல்லாத வேகமோ அடர்ந்த இடத்தில் தடுமாறி, முடியை அறுக்காமல் பிடித்து இழுக்கும். ஒருமுறை இழுபட்ட நாய் அடுத்த முறை மெஷினின் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

நம் தாடிக்கு வைத்திருக்கும் டிரிம்மர் நாய்க்கு ஏன் ஆகாது என்பதும் இதிலிருந்தே விளங்கும். மனிதத் தலையில் ஒரு துளையிலிருந்து ஒன்றிரண்டு முடி வரும். நாய்க்கு ஒரே துளையிலிருந்து ஒரு தடித்த முடியும் அதைச் சுற்றிப் பல மெல்லிய முடிகளும் கொத்தாக வரும். தாடிக்கென்று செய்த சிறிய மோட்டார் அந்தக் கொத்துக்குள் போனதும் மூச்சு வாங்கும். டிரிம்மர் கெட்ட பொருள் என்று சொல்லவில்லை; பாத மெத்தைகளுக்கு நடுவே இருக்கும் முடி, கண்ணோர முடி போன்ற சின்ன வேலைகளுக்கு சத்தம் குறைந்த சிறிய டிரிம்மர் மிகவும் உதவும். முழு உடம்பை அதனால் வெட்ட முயல்வதுதான் தவறு.

மோட்டாரில் இரண்டு வகை. ஒன்று சுழலும் மோட்டார். நாய் வேலைக்கான நல்ல மெஷின்கள் பெரும்பாலும் இதுவே. மற்றது காந்த மோட்டார்: உள்ளே ஒரு மின்காந்தம் கம்பிவழி மின்சாரத்தின் துடிப்புக்கு ஏற்ப ஒரு கையை இழுத்து விடும். சலூன்களில் ‘டர்ர்’ என்று கேட்கும் மெஷின்கள் பல இந்த வகைதான். அமெரிக்காவில் லியோ வால் 1919-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மின்காந்தக் கிளிப்பரின் வம்சம் இது.

வெளிநாட்டில் உறவினர் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் கம்பிவழி மெஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தது. நம் வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் எரிந்துபோகும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் ஹெர்ட்ஸ், அதாவது மின்சாரம் துடிக்கும் வேகம், மாறாது. அந்தத் துடிப்பை நம்பியே ஆடும் காந்த மோட்டார் தாளம் தப்பி, வலுவிழந்து ஓடும். சார்ஜ் போட்டு ஓடும் மெஷினாக இருந்து, சார்ஜரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

கம்பியா, பேட்டரியா? கம்பி மெஷினுக்கு வலு தொய்யாது, ஆனால் நாய் திரும்பும்போதெல்லாம் ஒயர் காலில் சுற்றும். பேட்டரி கைக்கு லேசு; பாதி வெட்டும்போது கரண்ட் போனாலும் வேலை நிற்காது. சின்ன நாய்க்குப் பேட்டரி போதும்.

சூடும் எண்ணெயும்

எஃகின் மேல் எஃகு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை உரசினால் சூடு வராமல் என்ன செய்யும்? ஐந்து பத்து நிமிடத்திலேயே பிளேடு கொதிக்கத் தொடங்கலாம். நம் கை மெஷினைப் பிடித்திருக்கிறது. பிளேடின் சூடு கைக்குத் தெரியாது, நாய்க்குத்தான் தெரியும். அது நெளிந்தால் “ஆடாதே” என்று அதட்டுகிறோம். தயவுசெய்து அதட்டுவதற்கு முன்னால் பிளேடைத் தொட்டுப் பாருங்கள். குழந்தைக்குப் பாலின் சூட்டைப் பார்ப்பது போல மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். நிறுத்தி ஆறவிடுங்கள், அல்லது ஒரே நம்பரில் இரண்டு பிளேடு வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

வெட்டுப் பல் மட்டும் செராமிக்கில் வருகிற பிளேடுகளும் உண்டு. மெதுவாகத்தான் சூடேறும். கீழே போட்டால் உடைந்துவிடும்.

சூட்டுக்கு முதல் காரணம் எண்ணெய் இல்லாமை. தொடங்கும் முன்னால் மெஷினை ஓடவிட்டு, பற்களின் மேல் இரண்டு மூன்று சொட்டு, இரண்டு பக்க ஓரத்திலும் ஒவ்வொரு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துணியில் துடைத்துவிட வேண்டும். நீண்ட வேலை என்றால் நடுவிலும் ஒருமுறை. கிளிப்பர் எண்ணெய் என்று தனியாக விற்கிறார்கள். அது மெல்லிய கனிம எண்ணெய். தையல் மெஷின் எண்ணெயும் அதே இனம்தான், அவசரத்துக்கு ஆகும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும் பொருள் அது, ஏ.சி. அறையில் வைத்தாலே போதும். உறையாவிட்டாலும் நாள்பட்டுப் பிசுபிசுத்து, முடித்தூளைக் கூட்டிப் பசை போல ஒட்டிக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் பிளேடைக் கழற்றி, பழைய பல் தேய்க்கும் பிரஷால் முடியைத் தட்டி எடுத்து, எண்ணெய் பூசி வையுங்கள். தண்ணீரில் கழுவினால் துரு பிடிக்கும்.

உங்கள் நாய்க்கு மெஷின் வேண்டுமா?

சில நாய்களுக்குக் கண்டிப்பாக வேண்டாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, தெருவிலிருந்து வந்த நம் நாட்டு நாய் எல்லாவற்றுக்கும் ஒட்டிய குட்டை முடிதான். ரப்பர் பிரஷ் போதும்.

எனக்கு மனம் வலிப்பது இன்னொரு கூட்டத்தைப் பார்க்கும்போது. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், நம் வீடுகளில் பொமரேனியன் என்று அழைக்கப்படும் இந்தியன் ஸ்பிட்ஸ். இவற்றுக்கு இரட்டை ரோமம்: மேலே தடித்த முடி, அடியில் பஞ்சு போன்ற மென்முடி. கோடை வந்ததும் “பாவம், வேர்க்குது” என்று மொட்டை அடிக்கிறார்கள். நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்த்துக் குளிர்வதில்லை. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றுகிறது. மேல்முடி வெயிலை நேராகத் தோலில் படவிடாமல் தடுக்கும் ஓலைக் கூரை. கூரையைப் பிரித்துவிட்டால் வீடு குளிர்ந்துவிடுமா? மொட்டை அடித்தபின் அடிமுடி முந்திக்கொண்டு வளர்ந்து திட்டுத் திட்டாக வரும். ஸ்பிட்ஸ் வகைகளில் சிலவற்றுக்கு மாதக்கணக்கில் முடி வராமலே போவதும் உண்டு. உண்ணிக்காக மொட்டை அடிப்பவர்களும் இருக்கிறார்கள். உண்ணிக்கு மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். இந்த நாய்களுக்கு வேண்டியது அடிமுடியைச் சீவி எடுக்கும் சீப்பு மட்டும்தான். பாதத்துக்கு அடியில் வேண்டுமானால் சின்ன டிரிம்மர்.

மெஷின் உண்மையில் தேவைப்படுவது முடி நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே போகும் நாய்களுக்கு: ஷீ ட்ஸூ, லாசா அப்சோ, பூடில், மால்டீஸ், இவற்றின் கலப்புகள். வெட்டாமல் விட்டால் சிக்கு விழுந்து தோலில் புண் வரும்.

வாங்கும்போது

கழற்றி மாட்டும் பிளேடு உள்ள மெஷினாகப் பாருங்கள். ஆஸ்டர் நிறுவனத்தின் ஏ5 கிளிப்பரோடு பரவிய பிளேடு அமைப்பு ஒன்று இருக்கிறது. ஆண்டிஸ், வால் நிறுவனங்களின் பல நாய் கிளிப்பர்களும் அதையே ஏற்கும். ‘ஏ5 பிளேடு பொருந்தும்’ என்று இருந்தால் இன்று ஒரு நிறுவனத்தின் மெஷின், நாளை இன்னொன்றின் பிளேடு என்று சேர்த்துக்கொள்ளலாம். பிளேடை மாட்டும்போது கொக்கியில் வைத்து, மெஷினை ஓடவிட்ட பிறகு அழுத்தி மூடினால் சரியாக உட்காரும்.

இன்னொரு வகையில் பிளேடு மாறாது. பக்கத்தில் உள்ள நெம்பை, அதாவது லீவரை, தள்ளினால் 9, 10, 15, 30, 40 என்று ஒரே பிளேடு ஐந்து அளவுக்கு மாறும். லேசானது, சத்தம் குறைவு, காப்புச் சீப்போடு ஒரு சிறிய ஷீ ட்ஸூவுக்கு நன்றாகவே போதும். நெம்பு தெரியாமல் 40-க்கு நகர்ந்துவிடாமல் மட்டும் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டு டப்பாவில் இப்போது இருப்பவை: 10 இரண்டு, 5எஃப் ஒன்று, 10-க்குப் பொருந்தும் காப்புச் சீப்புகள், எண்ணெய். பிளேடு கோடு கோடாக முடியை விட்டுவிட்டுப் போனாலோ இழுத்தாலோ உடனே கூர் மழுங்கிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். இடுக்கில் முடித்தூள் அடைத்திருக்கும், எண்ணெய் வற்றியிருக்கும், அல்லது மெஷினுக்குள் வெட்டுப் பல்லைத் தள்ளும் சின்ன பிளாஸ்டிக் முனை தேய்ந்திருக்கும். அதெல்லாம் சரியாக இருந்தும் வெட்டவில்லை என்றால்தான் சாணை. அதையும் தெருவில் அரிவாள்மணைக்குச் சாணை பிடிப்பவரிடம் கொடுக்க வேண்டாம். இரண்டு பற்களும் ஒன்றோடொன்று படும் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழிவு இருக்கிறது. ஓரங்கள் மட்டும் உரசுவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். சாதாரணச் சாணைக்கல் அந்தக் குழிவை அழித்துவிடும். கிளிப்பர் பிளேடுக்கென்றே சுழலும் உலோகத் தட்டில் தேய்த்துக் கொடுப்பவர்கள் உண்டு. பக்கத்தில் நாய் பார்லர் நடத்துபவரிடம் அவருடைய பிளேடுகளை எங்கே கொடுக்கிறார் என்று கேளுங்கள்.